சிதறிய எஃகும் ஒரு சாட்சியே

மருதையாறு பெரிய நதி அல்ல. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான். ஆனால் தமிழக ரயில்வே வரலாற்றின் இரண்டு பெரும் துயரங்கள் அதன் மேல்தான் நிகழ்ந்தன. 1956 நவம்பர் 23 அன்று, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே வெள்ளம் பாலத்தை நிலைகுலையச் செய்ததில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1987 மார்ச் 15 அன்று, அதே ஆற்றின் மேலுள்ள பாலத்தில் வெடிவைக்கப்பட்டு மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாடு விடுதலைப் படை என்ற தலைமறைவு அமைப்பின் செயல் அது என்று காவல் துறை கூறியது.

ஒன்று தண்ணீர் செய்தது. மற்றொன்று வெடிமருந்து செய்தது. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டு இடங்களிலும் தெரிவது ஒன்றுதான்: முறுக்கிய தண்டவாளம், பிய்ந்த உத்திரம், நசுங்கிய பெட்டி. ஆனால், அந்த எஃகைச் சிறு துண்டாக வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இரண்டும் ஒன்றல்ல என்பது விளங்கிவிடும். வெள்ளம் வளைத்த எஃகும் வெடி கிழித்த எஃகும் தத்தம் கதையைத் தமக்குள்ளேயே எழுதி வைத்திருக்கின்றன. விபத்தா, சதியா, அலட்சியமா என்ற வாதம் ஒவ்வொரு பேரழிவுக்குப் பின்னும் நம் நாட்டில் எழுகிறது. அப்போது அரசியல் மேடைகள் பேசுகின்றன; தொலைக்காட்சி விவாதங்கள் பேசுகின்றன. பேசவேண்டிய எஃகோ பெரும்பாலும் காயலான் கடைக்குப் போய்விடுகிறது. இந்த நிலை மாறவேண்டும் என்பதே என் வாதம்.

நுண்ணோக்கியில் தெரிவது என்ன?

வறண்ட ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்திருப்போம். மெருகேற்றிய எஃகை நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சற்று நனைத்து, நூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு பாளமும் ஒரு படிகத் துகள். அதனுள் இரும்பு அணுக்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. எஃகை மெதுவாக வளைத்தால், சீட்டுக்கட்டின் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதுபோல் அணு அடுக்குகள் நழுவுகின்றன. பாளங்கள் ஒரு பக்கமாக நீண்டு இழுபடுகின்றன. வெள்ளத்தில் சரிந்த பாலத்தின் உத்திரத்திலும், மோதி நசுங்கிய பெட்டியின் சட்டத்திலும் பொதுவாகக் காணக்கூடியது இதுதான்.

வெடிமருந்தை எஃகை ஒட்டி வைத்து வெடித்தால் நடப்பது வேறு. கட்டுமான எஃகு வளையத் தொடங்குவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 2,500 மடங்கு போதும். ஆர்.டி.எக்ஸ். போன்ற உயர்வகை வெடிமருந்தோ, தன்னை ஒட்டியிருக்கும் எஃகின்மீது இரண்டு லட்சம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தைச் செலுத்துகிறது. அதுவும் வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள். எஃகுக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆர்.டி.எக்ஸ். வெடிக்கும் வேகமோ 8,000 மீட்டரைத் தாண்டுகிறது. அணு அடுக்குகள் நிதானமாக நழுவ நேரமில்லை. ஆகவே படிகத்தின் ஒரு பகுதி சட்டென்று மடிந்து, அடுத்த பகுதியின் கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிவிடுகிறது. நுண்ணோக்கியில் இது பாளத்தின் குறுக்கே அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போன்ற மெல்லிய, இணையான கோடுகளாகத் தெரியும். இவற்றுக்கு நியூமன் கோடுகள் என்று பெயர். 1848-இல் இவை முதலில் விவரிக்கப்பட்டது எந்த ஆலையின் இரும்பிலும் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு பொகீமியாவில் விழுந்த ஓர் இரும்பு விண்கல்லில்தான்! விண்வெளியில் நிகழ்ந்த மோதல்களின் தழும்பைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரும்பு சுமந்துகொண்டிருந்தது.

இன்னொரு தழும்பும் உண்டு. வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 1.3 லட்சம் மடங்கு அழுத்தத்தில் இரும்பின் அணு அடுக்கே மாறி, அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அப்படிப் போய்த் திரும்பும்போது அது முன்பிருந்த ஒழுங்கோடு திரும்புவதில்லை. நுண்ணிய, குழம்பிய ஓர் அமைப்பும் வழக்கத்துக்கு மீறிய கடினமும் எஃகில் தங்கிவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டது 1956-இல். மருதையாற்றில் முதல் ரயில் விழுந்த அதே ஆண்டில்.

மூன்றாவது, தகட்டின் மறுபக்கத்தில் தெரிவது. அதிர்ச்சி அலை எஃகைக் கடந்து எதிர்முகத்தை அடைந்ததும் இழுவிசையாகத் திரும்புகிறது. உட்புறத்திலிருந்தே எஃகைப் பிளக்கிறது. வெடி வைக்காத பக்கத்திலிருந்து எஃகு செதில்போல் உரிந்து விழுவதை இங்கிலாந்தின் பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1914-லேயே ஆராய்ந்து விளக்கினார். வெள்ளமோ, மோதலோ, சாதாரணத் தீயோ இப்படிச் செய்வதில்லை.

இவை ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரிய நுட்பங்கள் என்று எண்ணவேண்டாம். இதே அதிர்ச்சி அலையைத் தொழில்துறை வேலைக்காரனாக வைத்துக்கொண்டிருக்கிறது. ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் பொருத்தும் துண்டுகள் மாங்கனீசு எஃகால் வார்க்கப்படுகின்றன. சக்கரங்களின் அடி பட்டுப்பட்டுத்தான் இந்த எஃகு கடினமாகும். அதற்குக் காத்திராமல், மேலே வெடிமருந்துத் தாளைப் பரப்பி வெடித்து முன்கூட்டியே கடினமாக்கும் முறை உலக ரயில்வேக்கள் பலவற்றில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பழக்கத்தில் உள்ளது. எவ்வளவு வெடித்தால் எஃகு எவ்வளவு மாறும் என்பது கணக்கிட்டுச் செய்யப்படும் தொழிலாக இருக்கும்போது, மாறியிருக்கும் எஃகைப் பார்த்து வெடித்ததா இல்லையா என்று சொல்வதும் நம்பத்தக்க அறிவுதான். 1967-லேயே கனடா நாட்டு ஆய்வாளர்கள் வெடிப்பில் சிதறிய உலோகத் துண்டுகளைக் குற்றப் புலனாய்வில் எவ்வாறு படிப்பது என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

உருளையா, குண்டா?

2025 நவம்பர் 11 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசி அருகே, சமையல் எரிவாயு உருளைகளை ஏற்றிச்சென்ற லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துச் சிதறின. ஓட்டுநர் காயத்துடன் தப்பினார். முந்தைய நாள் மாலைதான் தில்லி செங்கோட்டை அருகே கார் ஒன்று வெடித்துப் பலர் உயிரிழந்திருந்தனர். அங்கே முதலில் எழுந்த ஊகங்களில் ஒன்று, வாகனத்தின் எரிவாயு உருளை வெடித்திருக்கலாம் என்பது. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் வெடித்தபோதும் முதல் கேள்வி இதுவாகவே இருந்தது: உருளையா, குண்டா? அங்கே உருளையும் இருந்தது. சதியும் இருந்தது என்று வழக்கை ஏற்ற தேசியப் புலனாய்வு முகமை கூறியது.

இந்தக் கேள்விக்கு உருளையின் எஃகு தெளிவான விடை தரும். தீயில் சூடேறிய உருளையின் சுவர் மென்மையாகிறது; உள்ளழுத்தம் ஏற ஏறப் புடைக்கிறது; ஓரிடத்தில் தகடு மெலிந்து, மீன்வாய்போல் பிளக்கிறது. அப்போது உள்ளிருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல நூறு மடங்கை ஒட்டியதுதான். லட்சம் மடங்கு அல்ல. பிளந்த உதட்டை வெட்டிப் பார்த்தால் பாளங்கள் ஒரே திசையில் நீண்டிருக்கும். வெப்பம் எந்த அளவுக்கு ஏறியது என்பதையும் அவற்றிலிருந்து அறியலாம். நியூமன் கோடுகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. உருளையை ஒட்டி உயர்வகை வெடிமருந்து வெடித்திருந்தால், உருளை பல கூரிய துண்டுகளாகச் சிதறியிருக்கும். வெடிமருந்துக்கு அருகிலிருந்த துண்டுகளில் அந்தக் கோடுகள் மண்டியிருக்கும். வாரணவாசியில் யாரும் சதியைச் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அந்த உருளைகள் பயனற்றவை அல்ல. எந்த உருளை எந்த வெப்பத்தில், சுவரின் எந்த இடத்தில் பிளந்தது என்பது அடுத்த லாரியைப் பாதுகாக்கும் அறிவு. பழைய உருளைகள் புதியவற்றுக்கு முன்பாகவே பிளந்தனவா என்பது லட்சோப லட்சம் சமையலறைகளைத் தொடும் கேள்வி.

வாதங்கள் நீளும்போது

எஃகைக் கேளாமல் வாதிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் எடுத்துக்காட்டுகள் உண்டு. 2010 மே 28 அன்று மேற்கு வங்கத்தில் ஞானேஸ்வரி விரைவு ரயில் தடம் புரண்டு, எதிரே வந்த சரக்கு ரயிலில் சிக்கி ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். குண்டுவெடிப்பு என்றது ரயில்வே தரப்பு. தண்டவாளத்தின் இணைப்புகள் கழற்றப்பட்டன என்றது மாநிலக் காவல் துறை. மத்தியிலும் மாநிலத்திலும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற கட்சிகள் ஆண்ட நேரம் அது. அறிவியல் கேள்வி ஒரே நாளில் அரசியல் கேள்வியாயிற்று. மத்தியப் புலனாய்வுத் துறை வரவேண்டியிருந்தது.

2016 நவம்பர் 20 அன்று கான்பூர் அருகே புக்ராயாவில் இந்தூர் – பட்னா விரைவு ரயில் தடம் புரண்டு ஏறத்தாழ 150 பேர் இறந்தனர். எல்லைக்கு அப்பாலிருந்து தீட்டப்பட்ட சதி என்று தேர்தல் மேடையிலேயே பேசப்பட்டது. தேசியப் புலனாய்வு முகமை விசாரித்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. ரயில் பாதுகாப்பு ஆணையரின் இறுதி அறிக்கை இயந்திரக் காரணங்களையே சுட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு எதிரியைத் தேடிக்கொண்டிருந்தது. தண்டவாளப் பராமரிப்பைப் பற்றிய கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. சதி என்ற சொல்லுக்கு இந்த ஆபத்து உண்டு. அது உண்மையாக இருக்கும்போது விழிப்பைத் தரும். பொய்யாக இருக்கும்போது அலட்சியத்துக்குக் குடைபிடிக்கும்.

2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு ரயில், நின்றிருந்த சரக்கு ரயிலின்மீது மோதியபோதும் சதிச் சந்தேகம் எழுந்து தேசியப் புலனாய்வு முகமை வந்தது. அங்கே வெடிமருந்து பற்றிய பேச்சில்லை. கழன்ற போல்ட்டுகளைப் பற்றியதே பேச்சு. ஆனால் போல்ட்டும் எஃகுதான். அது திருகிக் கழற்றப்பட்டதா, அடிபட்டு அறுந்ததா, ஆண்டுக்கணக்கில் சோர்ந்து விரிசல் விட்டதா என்பதை அதன் மரைகளும் முறிந்த முகமும் சொல்லும்.

நாம் செய்யக்கூடியதற்கு முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே அட்லாண்டிக் கடலில் விழுந்து 329 பேர் இறந்தனர். சுமார் 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அதன் துண்டுகள் மீட்கப்பட்டன. பாபா அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் உள்ளிட்டோர் அந்த உலோகத்தை ஆராய்ந்தனர். குண்டுவெடிப்பே காரணம் என்று நீதிபதி கிருபால் விசாரணை முடிவுக்கு வந்தது. கடலடியிலிருந்து உலோகத்தை எடுத்து வந்து கேள்வி கேட்ட நாடு, நெடுஞ்சாலை ஓரத்திலும் தண்டவாளச் சரிவிலும் கிடக்கும் உலோகத்தைக் கேட்காமல் விடலாமா?

எஃகு சொல்லாதவை

இந்தச் சாட்சியின் எல்லைகளையும் சொல்லவேண்டும். வெடித்தது யார் என்பதை எஃகு சொல்லாது. எந்த வெடிமருந்து என்பதை அதன் நுண்ணமைப்பு மட்டும் சொல்லாது. அதற்கு வேதியியல் பகுப்பாய்வு வேண்டும். அதிர்ச்சியின் தழும்பு வெடிமருந்தை ஒட்டிய சிறு பகுதியில்தான் ஆழமாகப் பதியும். ஒரு துண்டில் காணவில்லை என்பதால் வெடிக்கவே இல்லை என்று ஆகிவிடாது. தண்டவாளத்தில் கார்பன் மிகுதி. அதில் நியூமன் கோடுகள் எளிதில் தெரியமாட்டா. கார்பன் குறைந்த உத்திரம், போல்ட், இணைப்புத் தகடு ஆகியவற்றில் தேடவேண்டும். கடுங்குளிரில் பட்ட பலத்த அடியும் இதே கோடுகளை உண்டாக்கலாம். எனினும் அரியலூர் வெயிலில் அந்த ஐயத்துக்கு இடம் குறைவு.

எல்லாவற்றிலும் முக்கியமானது தீ. வெடிப்புக்குப் பின் எழும் தீயில் எஃகு 600, 700 டிகிரிக்கு மேல் காய்ந்தால் பழைய பாளங்கள் கரைந்து புதியவை பிறக்கின்றன. தழும்பு மறைந்துவிடுகிறது. எரியாமல் தூரத்தில் தெறித்து விழுந்த சிறு துண்டுதான் அப்போது சிறந்த சாட்சி. அந்தச் சிறு துண்டைத்தான் பழைய இரும்பு பொறுக்குபவர் முதலில் எடுத்துச் செல்கிறார்.

செய்யவேண்டியவை

ரயில் கவிழ்ந்தால் முதலில் மனிதரை மீட்கவேண்டும். அடுத்துப் பாதையைத் திறக்கவேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாதையைத் திறக்கும் அவசரத்தில் வாயு விளக்கால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுவது சாட்சியை எரிப்பதற்குச் சமம். முறிந்த முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டினாலே போதும். வேலையும் தாமதமாகாது, தழும்பும் பிழைக்கும். முறிந்த முகத்தை ஈரம் படாமல் மூடிவைக்கவேண்டும். வெளியே துருப்பிடித்தாலும் உள்ளிருக்கும் கோடுகள் அழியா. ஆகவே வழக்கு முடியும்வரை துண்டுகளைப் பாதுகாப்பதில் பொருளிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு நேரில் வருவதைக் கட்டாயமாக்குகிறது. இதைப் படிப்படியாக நிறைவேற்ற மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தருகிறது. தமிழ்நாடு அந்த அவகாசத்தை வீணாக்கவேண்டியதில்லை. சென்னையில் 1849-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் வழிவந்த தடயவியல் துறை நம்முடையது. வெடிப்பு நிகழ்ந்த இடத்துக்குச் செல்லும் அதன் குழுவில் உலோகவியலாளர் ஒருவரும் இருக்கவேண்டும். அரியலூரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அதன் உலோகவியல் துறை, சென்னை ஐஐடி, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆகியவற்றோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொள்வது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அல்ல. இத்தகைய ஆய்வின் முடிவுகளைப் பொதுமக்கள் படிக்கும்படி, தமிழிலும், வெளியிடுவதற்குச் செலவே இல்லை.

இதனால் யாருக்குப் பயன் என்று கேட்பவர்கள் விரகாலூரை நினைத்துப் பார்க்கட்டும். 2023 அக்டோபர் 9 அன்று அந்த அரியலூர்க் கிராமத்தின் பட்டாசு ஆலை வெடித்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அரசு நிவாரணம் அறிவித்தது, வழக்குப் பதிவானது. பட்டாசுக் கலவை திறந்த வெளியில் எரியும். அளவுக்கு மிஞ்சிக் குவித்து அடைத்து வைத்தால் வெடிக்கும். வளைந்த இரும்புக் கதவும் கிழிந்த தகடும் எந்த அறை எவ்வளவு வேகத்தில் வெடித்தது என்பதற்கான அளவுகள். அந்த அளவுகளைச் சேர்த்தால், அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு இருந்ததா என்ற கேள்வி வாய்மொழியைத் தாண்டி ஆதாரத்தின்மீது நிற்கும். தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கோப்பு மூடப்படுவது எளிது. மறுத்துப் பேசத் தொழிலாளி உயிரோடு இல்லை. அவர் சார்பில் பேச எஞ்சியிருப்பது அந்த எஃகு மட்டுமே. அதையும் எடைக்குப் போட்டுவிட்டால், அடுத்த வெடிப்புக்குப் பிறகும் நம்மிடம் இருக்கப்போவது நிவாரணத் தொகையின் பட்டியல் ஒன்றுதான்.